ப்ளூஸ் ப்ராஜெக்ட்: ஒரு காபி கிளப்பில் கூடி, வெளியே வந்ததும் கலைந்த குழு

ராக் இசைக்குழுவுக்குள் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் எல்லாவற்றையும் கொண்டுவந்து, 1970இல் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' என்ற கிராமி விருதை பீட்டில்ஸின் 'ஆபே ரோடு' ஆல்பத்தைத் தாண்டிப் பெற்ற குழு 'ப்ளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்'. வயலினை முன்னிறுத்தி கிராமிய இசையையும் ராக்கையும் சேர்த்து வாசித்து, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினையே தன் ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளராகப் பெற்ற குழு 'சீட்ரெய்ன்'. இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான்: நியூயார்க்கின் 'ப்ளூஸ் ப்ராஜெக்ட்'.

ஆனால் அந்தத் தாய்வீட்டின் கணக்கைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். 1965 கடைசியில் உருப்பெற்றது. 1967 கோடைக்குள் பாதிப் பேர் இல்லை. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் முதல் நூறு பாடல்களில் ஒரே ஒரு தடவை இடம் கிடைத்தது, அதுவும் 96ஆம் இடம். நல்ல ஸ்டூடியோ ஆல்பம் என்று சொன்னால் ஒன்றே ஒன்று. கனவு மயக்கம் போல நீளும் சைக்கெடெலிக் ராக்கின் முதல் அலையில் வந்து, நாட்டார் பாடல், ஜாஸ், கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் மூன்றையும் ஒரே மேடையில் வாசித்த இந்தக் குழு ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இரண்டு தலைகள் முட்டிக்கொண்டன என்பது. கிட்டார் வாசித்த டேனி கால்புக்கும் ஆர்கன் வாசித்த ஆல் கூப்பருக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் உடைந்தது என்பார்கள். பொய்யில்லை. ஆனால் முட்டிக்கொள்ளாத தலைகள் எந்தக் குழுவில் இருந்தன? என் கணிப்பு வேறு. இந்தக் குழுவின் கலவை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. ஒரு குறிப்பிட்ட கிளப்பும் அங்கே வந்து உட்கார்ந்து கேட்ட கூட்டமும் சேர்ந்து உண்டாக்கியது. இசைத்தட்டு, வானொலி, ஊர் ஊராகக் கச்சேரி என்று அந்த இடத்தை விட்டு வெளியே வந்ததும் 'நம்முடைய இசை எது?' என்று யாராவது முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

யார் யார், எங்கிருந்து வந்தார்கள்

கால்ப் 1942இல் பிறந்தவர். நியூயார்க்கின் க்ரீனிச் வில்லேஜ் பகுதியில் இருந்த நாட்டார் பாடல் வட்டத்தின் பெரியண்ணன் டேவ் வான் ராங்கிடம் கற்றவர். அவரோடு சேர்ந்து, ஜாடி போன்ற வீட்டுச் சாமான்களையும் வாத்தியமாக்கும் ஜக் பேண்டிலும் வாசித்தவர். 1964இல் எலெக்ட்ரா நிறுவனம், ப்ளூஸ் பாடும் வெள்ளைக்கார இளைஞர்களைத் தொகுத்து ஒரு ஆல்பம் போட்டது. அதன் பெயர்தான் 'தி ப்ளூஸ் ப்ராஜெக்ட்'. அதில் கால்பும் பாடியிருந்தார். பிற்பாடு குழுவுக்குப் பெயர் தேடியபோது அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன் குழுவின் பெயர் 'டேனி கால்ப் குவார்ட்டெட்'. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது இது கால்பின் குழுவாகத்தான் ஆரம்பித்தது. டிரம்ஸ் ராய் ப்ளூமன்ஃபெல்ட், பேஸ் கிட்டார் ஆண்டி குல்பெர்க், இன்னொரு கிட்டார் ஆர்ட்டி டிராம். டிராம் ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனதும் அவர் இடத்துக்கு ஸ்டீவ் காட்ஸ் வந்தார். காட்ஸ் அதற்கு முன் 'ஈவன் டஸன் ஜக் பேண்ட்' என்ற பெரும்படையில் இருந்தவர். ஜான் செபாஸ்டியன், மரியா முல்டார், டேவிட் கிரிஸ்மன் என்று பின்னாளில் பெயர் வாங்கிய பலர் அங்கே அவரோடு வாசித்தார்கள். மென்மையான பாட்டுதான் காட்ஸின் இயல்பு. பாடுவதற்கென்று டாமி ஃப்ளாண்டர்ஸ் சேர்ந்தார்.

குல்பெர்க்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அவருக்கு பேஸ் கிட்டாரோடு புல்லாங்குழலும் வரும். அன்றைக்கு ராக் மேடையில் புல்லாங்குழல் என்றால் அபூர்வமான விஷயம்.

கடைசியாக வந்தவர் கூப்பர். அவர் வந்த விதமே அலாதி. 1965 ஜூனில் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளர் டாம் வில்சனின் விருந்தாளியாக, வேடிக்கை பார்க்கத்தான் போனார். கிட்டாரும் கொண்டு போயிருந்தார். அங்கே மைக் ப்ளூம்ஃபீல்டு கிட்டார் வாசிப்பதைக் கேட்டதும் தன் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டார். ஆர்கன் வாசிக்க வந்தவரை பியானோவுக்கு மாற்றிய நேரம் பார்த்து, காலியான நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆர்கன் அவர் வாத்தியமே இல்லை. கோர்டு மாறும்போது மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாக விரலை வைத்தார். அந்தத் தாமதத்தோடு வந்த ஆர்கன்தான் அந்தப் பாட்டின் அடையாளமாக நின்றுவிட்டது.

சில மாதம் கழித்து அதே வில்சன், கால்பின் குழுவைக் கொலம்பியா நிறுவனத்துக்காகச் சோதித்துப் பார்த்தார். அதில் பியானோ வாசிக்கக் கூப்பரைக் கூலிக்கு அழைத்தார். குழுவினருக்கு அவரைப் பிடித்துப்போய், எங்களோடேயே வந்துவிடுங்கள் என்றார்கள். கொலம்பியா குழுவை வேண்டாம் என்றது. கூப்பர் மட்டும் தங்கினார்.

வில்சனையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெக்சஸின் வேக்கோவில் பிறந்த கறுப்பின இளைஞர், ஹார்வர்டில் படித்தவர், 1950களில் சொந்தமாக ஒரு ஜாஸ் நிறுவனம் நடத்தி சன் ராவையும் செசில் டெய்லரையும் பதிவு செய்தவர். பிறகு கொலம்பியாவில் டிலன், சைமன் அண்ட் கார்ஃபங்கல். அங்கிருந்து எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு மாறியவர், கொலம்பியா வேண்டாமென்ற இந்தக் குழுவையும் மறக்கவில்லை. அதன் கிளையான வெர்வ் ஃபோக்வேஸில் ஒப்பந்தம் போட வைத்தார். ஜாஸும் நாட்டார் பாடலும் மின் கிட்டாரும் ஒரே ஆளின் காதுக்குள் சண்டையில்லாமல் இருந்தது என்றால் அது இவர் காதுதான். இந்தக் குழுவுக்கு இவரைவிடப் பொருத்தமான தயாரிப்பாளர் அமைந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் உடைந்தது என்பதால்தான் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டியிருக்கிறது.

ப்ளீக்கர் தெருவின் அந்த அடித்தளம்

நியூயார்க், ப்ளீக்கர் தெரு, 152ஆம் எண். படியிறங்கிப் போனால் 'கஃபே ஓ கோ கோ'. உரிமையாளர் ஹோவர்ட் சாலமன். 1964இல் நகைச்சுவைப் பேச்சாளர் லென்னி ப்ரூஸ் ஆபாசமாகப் பேசியதாக அங்கேதான் கைதானார். கூடவே சாலமனும் வழக்கில் மாட்டினார். அதே வருடம் சாக்ஸஃபோன்காரர் ஸ்டான் கெட்ஸ் அங்கே வாசித்து, கிளப்பின் பெயரையே தாங்கி ஒரு ஜாஸ் ஆல்பம் வந்தது. நாட்டார் பாடகர்களும் அங்கே பாடினார்கள், ப்ளூஸ் பெரியவர்களும் பாடினார்கள். ஆக, ப்ளூஸ் ப்ராஜெக்ட் கலந்ததாகச் சொல்லப்படும் மூன்று இசைகளும் அந்தக் குழு பிறப்பதற்கு முன்பே அந்த மேடையில் நாள் மாற்றி நாள் ஒலித்துக்கொண்டிருந்தன.

அங்கே வருகிறவர்கள் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறவர்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆட வந்த கூட்டத்துக்கு முன் பத்து நிமிட ப்ளூஸ் வாசிக்க முடியாது. மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். கேட்க வந்த கூட்டம் என்றால் வாசிக்கலாம். அதிலும் ஒரே கிளப்பில் தொடர்ந்து வாசிக்கிற குழுவுக்கு இன்னொரு கட்டாயம் உண்டு: நேற்று வந்தவன் இன்றைக்கும் வருவான், நேற்றைய பாட்டையே அப்படியே கொடுத்தால் கோபித்துக்கொள்வான். நீட்டவும் மாற்றவும் வேண்டியிருக்கும்.

1965 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி, சாலமன் அங்கே சில நாள் தொடர் ப்ளூஸ் கச்சேரி நடத்தினார். மடி வாட்டர்ஸ், ஜான் லீ ஹூக்கர், பிக் ஜோ வில்லியம்ஸ் முதலான மூத்தவர்கள் வாசித்த அதே நாட்களில் இந்தப் பையன்களும் வாசித்தார்கள். யாரிடமிருந்து பாட்டை எடுத்தார்களோ, அவர்கள் இருக்கும் இடத்திலேயே அதைப் பாடிக் காட்ட வேண்டிய நிலை. நடுக்கம் இருந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்!

அந்த நவம்பர் கச்சேரிகளிலிருந்தும் 1966 ஜனவரியில் அதே இடத்தில் நடந்த ஒலிப்பதிவிலிருந்தும் வந்ததுதான் முதல் ஆல்பம், 'லைவ் அட் தி கஃபே ஓ கோ கோ'. கேட்டால் கலவை என்று சொல்லத் தோன்றாது. வில்லி டிக்ஸன் எழுதிய 'பேக் டோர் மேன்', 'ஸ்பூன்ஃபுல்', போ டிட்லியின் 'ஹூ டூ யூ லவ்', நடுவில் டானவனின் 'கேட்ச் தி விண்ட்', எரிக் ஆண்டர்சனின் 'வயலெட்ஸ் ஆஃப் டான்'. ப்ளூஸ் ஒரு பக்கம், நாட்டார் பாடல் ஒரு பக்கம். அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் பாடகர் ஃப்ளாண்டர்ஸ் தனியாகப் போய்விட்டார்.

இழப்பு என்று தோன்றும் இந்தச் சம்பவம்தான் குழுவை உருவாக்கியது என்பேன். ஃப்ளாண்டர்ஸ் இருந்தவரை மற்றவர்கள் ஒரு பாடகருக்குப் பின்னால் வாசிக்கும் ஆட்கள். அவர் போனதும் கால்ப், கூப்பர், காட்ஸ் மூவரும் பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மூவருக்கும் குரல் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கூப்பரின் குரல் மெல்லியது. காட்ஸின் குரலில் ப்ளூஸ் ஒட்டாது. கால்ப் பாடுவதைவிட வாசிப்பதில்தான் பேசுவார். குரல் பலம் இல்லாத குழு வாத்தியத்தில் நிரப்பும். இவர்கள் நிரப்பினார்கள்.

'ப்ரொஜெக்‌ஷன்ஸ்'

1966 நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம். ஒன்பது பாட்டுகள். பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் 52ஆம் இடம் வரை போனது. இந்தக் குழு எதற்காக நினைக்கப்படுகிறதோ அது முழுக்க இதில் இருக்கிறது.

முதல் பாட்டு 'ஐ கான்ட் கீப் ஃப்ரம் க்ரையிங்'. 1928இல் ப்ளைண்ட் வில்லி ஜான்சன் பதிவு செய்த பக்திப் பாடல். கண் தெரியாத அந்தத் தெருப் பாடகர் கிட்டார் தந்தியில் உரசி, தொண்டையில் கரகரத்துப் பாடியதைக் கூப்பர் எடுத்து, ஆர்கனும் கிட்டாரும் மோதும் ராக்காக மாற்றியிருக்கிறார். அந்த வடிவம் இங்கிலாந்து வரை போனது. 'டென் இயர்ஸ் ஆஃப்டர்' குழு அதை எடுத்துக்கொண்டு மேடையில் இழுத்து இழுத்து வாசித்தது.

இன்னொன்று 'டூ ட்ரெய்ன்ஸ் ரன்னிங்'. மடி வாட்டர்ஸின் பாட்டு. கால்பின் சொத்து. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. 1966இல் இசைத்தட்டில் ஒரு ப்ளூஸ் பாட்டுக்கு இத்தனை இடம் கொடுத்தது சாதாரணமில்லை. மெதுவாக ஆரம்பித்து, கிட்டத்தட்ட ஓசையே இல்லாத அளவுக்கு இறங்கி, பிறகு மொத்தமாக எழும்பும். அதில் ஒரு இடம். உச்சத்துக்குப் போகும்போது கால்பின் கிட்டாரில் ஒரு தந்தி இறங்கிவிடுகிறது. அவர் நிறுத்தவில்லை. தாளத்தை விடாமல், அந்தத் தந்தியை மீட்டியபடியே முறுக்காணியைத் திருப்பிச் சுருதிக்குக் கொண்டுவருகிறார். ஸ்வரம் ஏறிக்கொண்டே வந்து சரியான இடத்தில் உட்காரும்போது அதுவே வாசிப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே மிருதங்கக்காரர் சின்னக் கல்லால் இரண்டு தட்டு தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டு தாளம் பிசகாமல் மேலே போவாரே, அந்த மாதிரி. வேறு குழு என்றால் திரும்பப் பதிவு செய்திருக்கும். இவர்கள் அப்படியே வைத்தார்கள்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பார்வையாளர் முன் தினம் தினம் வாசித்துப் பழகியவனுக்குத்தான் தந்தி இறங்கியதும் கை தானாக இப்படிப் போகும். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் அந்த அடித்தளத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

'ஃப்ளூட் திங்' இன்னொரு உலகம். கூப்பர் எழுதியது, பாட்டே கிடையாது, முழுக்க வாத்தியம். குல்பெர்க் பேஸ் கிட்டாரைக் காட்ஸிடம் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழலை எடுக்கிறார். ஒரு சின்ன மெட்டு. அதை இரண்டு முறை சொல்லிவிட்டுப் புல்லாங்குழல், கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் என்று முறை வைத்து ஆளாளுக்குத் தனியே வாசித்து, திரும்ப மெட்டுக்கு வருவது. அமைப்பு அச்சு அசல் ஜாஸ். ப்ளூமன்ஃபெல்டின் டிரம்ஸ் இங்கே முரட்டு ராக் அடியை விட்டுவிட்டுத் தட்டுகளின் மேல் லேசாக நடக்கிறது. ப்ளூஸ் கிட்டார்காரரான கால்ப் இந்த ஜாஸ் சட்டத்துக்குள் கொஞ்சம் திணறுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்தத் திணறலால்தான் இது வழக்கமான ஜாஸ் தட்டாக இல்லாமல் வேறு எதுவோ ஆகிறது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1994இல், பீஸ்ட்டி பாய்ஸ் குழு இதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாக்கியது. ப்ளூஸ் ப்ராஜெக்ட் பெயரே தெரியாத பலர் குல்பெர்க்கின் புல்லாங்குழலைக் கேட்டிருப்பது அப்படித்தான்.

காட்ஸின் 'ஸ்டீவ்ஸ் சாங்' பழைய ஐரோப்பிய அரண்மனை இசை போன்ற முன்னுரையோடு தொடங்கி மென்மையான நாட்டார் பாடலாகிறது. சக் பெர்ரியின் 'யூ கான்ட் கேட்ச் மீ' பக்கா ராக் அண்ட் ரோல். ஜிம்மி ரீடின் 'கேரஸ் மீ பேபி' நிதானமான ப்ளூஸ்.

ஆல்பத்தை முழுசாகக் கேட்டு முடித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். கால்பின் பாட்டுகள் ப்ளூஸ், காட்ஸின் பாட்டு நாட்டார் வகை, கூப்பருடையது பாப், பக்திப்பாட்டு, ஜாஸ். ஒவ்வொருவர் பாட்டுக்கும் மற்ற நால்வர் போய் உதவுகிறார்கள். அடுத்தவன் பாட்டில் தன் கையிருப்பை இறக்கும்போதுதான் கலவை நடக்கிறது: கால்பின் ப்ளூஸில் கூப்பரின் தேவாலய ஆர்கன், கூப்பரின் ஜாஸில் கால்பின் ப்ளூஸ் கிட்டார். சைக்கெடெலிக் என்ற முத்திரை இந்தக் குழுவின் மேல் விழுந்தது உடையாலோ மேடை விளக்காலோ அல்ல. இந்த நீட்டலாலும், எதிர்பாராத திருப்பங்களாலும், பின்னாளில் மின்சாரம் சேர்த்த புல்லாங்குழலாலும்தான்.

எங்கே விரிசல் விட்டது

வெர்வ் நிறுவனத்துக்கு வேண்டியது வானொலியில் போட ஒரு பாட்டு. மூன்று நிமிடத்துக்குள். பதினொரு நிமிட ப்ளூஸை எந்த வானொலி போடும்? அப்படித் தனித்தட்டாக வரும் பாட்டு, அதாவது சிங்கிள், எழுதக் குழுவில் தெரிந்த ஆள் கூப்பர்தான். பதின்ம வயதிலேயே 'ராயல் டீன்ஸ்' குழுவோடு வாசித்தவர், 1965இல் முதலிடம் பிடித்த 'திஸ் டைமண்ட் ரிங்' பாட்டை எழுதிய மூவரில் ஒருவர். அவர் எழுதி 1967 ஆரம்பத்தில் வந்த 'நோ டைம் லைக் தி ரைட் டைம்'தான் அந்த 96ஆம் இடத்துப் பாட்டு. என் காதுக்கு அது அந்த வருடத்தின் மிக நல்ல சிங்கிள்களில் ஒன்று. அறுபதுகளின் ராக் சிங்கிள்களைத் திரட்டி 1972இல் வந்த 'நகெட்ஸ்' தொகுப்பில் அதற்கு இடம் கிடைத்தது சும்மா இல்லை.

ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். பெயரளவில் கால்பின் குழு. வெளியே போகும் முகமோ கூப்பரின் பாட்டு. எழுதுகிறவர் கை ஓங்குவது இயல்புதான். அந்த நேரத்தில்தான் கூப்பர், குழுவில் பித்தளை வாத்தியங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். மேனார்ட் ஃபெர்குசனின் பெரிய ஜாஸ் குழுவைக் கேட்டு அந்த ஆசை அவருக்கு. கால்ப் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு இது ப்ளூஸ் குழு. டிரம்பெட்காரர்கள் வந்து நின்றால் கிட்டாருக்கு என்ன இடம் என்ற கேள்வியும் அதற்குள் இருந்திருக்கும்.

சரி, பித்தளை வாத்தியம்தான் காரணமா? இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எதிர் உதாரணம் ஒன்று கைவசம் இருக்கிறது. சிகாகோவின் பால் பட்டர்ஃபீல்டு குழு. அதே காலம், அதே ப்ளூஸ், அவர்களும் ஜாஸையும் இந்திய இசையின் சாயலையும் சேர்த்து 1966இல் 'ஈஸ்ட்-வெஸ்ட்' என்று பதின்மூன்று நிமிட வாத்திய இசை போட்டவர்கள். அவர்களும் 1967இல் பித்தளைக்குப் போனார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த ஆல்பத்தில் சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் நிறைந்திருக்கும். குழு உடையவில்லை. டிலன் ஒலிப்பதிவில் பார்த்த ப்ளூம்ஃபீல்டுதான் அங்கே கிட்டார், அவர் விலகினார், வேறு ஆட்கள் வந்தார்கள், பட்டர்ஃபீல்டு முடிவெடுத்தார், வண்டி ஓடியது. காரணம் எளிது: அது பட்டர்ஃபீல்டின் குழு. அவர் சொன்னால் சொன்னதுதான். விலகிய ப்ளூம்ஃபீல்டும் 'எலெக்ட்ரிக் ஃப்ளாக்' என்று பித்தளையோடுதான் அடுத்த குழுவை ஆரம்பித்தார். 1967இல் அந்த யோசனை காற்றில் இருந்தது. கூப்பர் கேட்டது கிறுக்குத்தனமான ஒன்றல்ல. கால்ப் மறுத்ததும் அநியாயமல்ல. இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க ஆளில்லாததுதான் சிக்கல்.

காபி கிளப்பில் இந்தக் கேள்வி எழவே இல்லை. ஒரு ராத்திரிக்குப் பல பாட்டுகள், எல்லாருக்கும் இடமிருந்தது. கால்புக்கு அவர் பதினொரு நிமிடம், காட்ஸுக்கு அவர் மென்பாட்டு, குல்பெர்க்குக்குப் புல்லாங்குழல். பங்கு பிரிக்கத் தேவையில்லாத அளவுக்கு நேரம் தாராளமாகக் கிடந்தது. வெளியே அப்படியா? 1967 மார்ச் கடைசியில் நியூயார்க்கின் ஆர்.கே.ஓ. 58ஆம் தெரு தியேட்டரில், வானொலி அறிவிப்பாளர் மர்ரே தி கே நடத்திய பெரிய காட்சியில் இவர்களும் இருந்தார்கள். 'தி ஹூ', 'க்ரீம்' ஆகிய இரண்டு ஆங்கிலக் குழுக்களும் அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான். ஒரே நாளில் பல காட்சிகள், ஒரு குழுவுக்கு ஒரு சில பாட்டுகள், இறங்கு, அடுத்தவன் ஏறு. ஒரு சில பாட்டு என்றால் யார் பாட்டு? முன்பு கேட்காமலே இருந்த கேள்வி தினமும் பல தடவை வந்து நின்றது.

அந்த வசந்த காலத்திலேயே கூப்பர் விலகினார்.

கைதட்டல் ஒட்டிய ஆல்பம்

1967இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'லைவ் அட் டவுன் ஹால்'. நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் பதிவானது என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். உண்மையில் அங்கே பதிவானது ஒரே ஒரு பாட்டு. மற்றவை வேறு இடத்துக் கச்சேரிகளில் எடுத்தவை, ஸ்டூடியோவில் மிச்சம் கிடந்தவை. ஸ்டூடியோப் பாட்டுகளின் மேல் கைதட்டலை ஒட்டியிருந்தார்கள். கூர்ந்து கேட்டால் ஒட்டு தெரியும்: வாத்தியங்கள் சுத்தமாக, காதருகில் ஒலிக்கும், கூட்டம் மட்டும் வேறு எங்கோ இருந்து கத்தும்.

நிறுவனத்தின் சின்னத் தில்லுமுல்லு என்று இதைத் தள்ளிவிடலாம். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். ஆனால் இந்தக் குழுவின் விஷயத்தில் அது தன்னையறியாமல் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது. விற்க வேண்டியது இவர்களுடைய மேடை வாசிப்பைத்தான் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் வாசிக்கக் குழு இல்லை. அதனால் கூட்டத்தை மட்டும் தயாரித்தார்கள். அந்த ஆல்பத்தில் உருப்படியானது, மின்சாரம் சேர்த்த புல்லாங்குழலோடு நீளமாக வரும் 'ஃப்ளூட் திங்'. அதற்காகக் கேட்கலாம்.

மான்டரேயும் அதற்குப் பிறகும்

1967 ஜூன் 16 முதல் 18 வரை கலிஃபோர்னியாவில் நடந்த மான்டரே பாப் விழாவில் ப்ளூஸ் ப்ராஜெக்ட் வாசித்தது கடைசி நாள் மாலை. அன்று மதியம் முழுக்க ரவிசங்கரின் சிதார், அல்லா ரக்காவின் தபலா. மாலைக் கச்சேரியைத் தொடங்கி வைத்தவர்கள் இவர்கள். அதே மேடைக்குப் பிறகு தி ஹூ வந்து கிட்டாரை உடைத்தது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்து கிட்டாரைக் கொளுத்தினார். இத்தனைக்கும் முன்னால் வாசித்தவர்களை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அதே விழாவில் கூப்பரும் தனியாக, வேறு ஆட்களோடு மேடையேறினார். தன் பழைய குழு ஒரு மாலை, தான் ஒரு மதியம்.

பிறகு வேகமாகச் சொல்லிவிடலாம். காட்ஸ் விலகினார், கால்பும் விலகினார். கூப்பர் லண்டனுக்குப் போகப் பணம் சேர்க்க என்று கச்சேரி வைத்தது வேறு எங்கும் இல்லை, அதே கஃபே ஓ கோ கோவில்தான். பணம் சேரவில்லை, ஆனால் அந்தக் கச்சேரிகளில் கூட வாசித்த காட்ஸ், டிரம்ஸ் பாபி கொலம்பி, பேஸ் ஜிம் ஃபீல்டர் ஆகியோரோடு பித்தளைக்காரர்களும் சேர்ந்து 'ப்ளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' ஆனது. முதல் ஆல்பம் 1968 பிப்ரவரியில். கூப்பர் கேட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: சில மாதத்துக்குள் குழுவில் மற்றவர்கள், முக்கியமாகக் கொலம்பியும் காட்ஸும், இன்னும் வலுவான குரல் வேண்டும் என்றார்கள். கூப்பர் வெளியேறினார். டேவிட் க்ளேட்டன்-தாமஸ் பாட வந்தார். அடுத்த ஆல்பத்திலிருந்து மூன்று சிங்கிள்கள் பில்போர்டில் இரண்டாம் இடம் வரை போயின. கிராமி கிடைத்தது அதற்குத்தான். கூப்பர் அங்கே இல்லை. இந்த முறை முடிவெடுக்க ஆள் இருந்தது, முடிவு அவருக்கு எதிராக வந்தது.

மறுபக்கம், குல்பெர்க்கும் ப்ளூமன்ஃபெல்டும் மேற்குக் கரைக்குப் போய், வயலின்காரர் ரிச்சர்ட் கிரீன் முதலானவர்களோடு புதிய குழு கட்டினார்கள். ஆனால் வெர்வுக்கு ப்ளூஸ் ப்ராஜெக்ட் பெயரில் இன்னொரு ஆல்பம் பாக்கி. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. புதிய குழுவின் இசையைப் பழைய பெயரில் 1968இல் கொடுத்துக் கடனை அடைத்தார்கள். ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்ளான்டு ஆப்சலசென்ஸ்', அதாவது 'திட்டமிட்டுக் காலாவதியாக்குதல்'. குறும்பு அவர்களுக்குக் குறையவில்லை. பிறகு சீட்ரெய்ன் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்.

1971, 1972இல் கால்ப் பழைய பெயரை மீட்டு இரண்டு ஆல்பம் செய்தார். 1973இல் கூப்பரும் வந்து சேர, சென்ட்ரல் பார்க்கில் ஒரு மறுகூடல் கச்சேரி நடந்து ஆல்பமாகவும் வந்தது. குல்பெர்க் 2002இல் இறந்தார். கால்ப் 2022 நவம்பரில், எண்பதாவது வயதில்.

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்கள் 'ப்ரொஜெக்‌ஷன்ஸ்' ஆல்பத்தில் 'டூ ட்ரெய்ன்ஸ் ரன்னிங்', 'ஃப்ளூட் திங்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பிறகு 'நோ டைம் லைக் தி ரைட் டைம்'. முதல் ஆல்பத்தைக் கடைசியில் கேட்டால் போதும். ஃப்ளாண்டர்ஸ் பாடிய பாட்டுகளைத் தாண்டிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. டவுன் ஹால் ஆல்பத்தில் புல்லாங்குழலை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம், கைதட்டலுக்குக் காத்திருக்க வேண்டாம்.